ஐசியூவுக்கு அப்புறம் எங்கே? வென்டிலேட்டரோடு ஒருவரை நகர்த்தும் முன்

"மிஸ்ஸி, வீட்டுக்கே கொண்டு போயிடலாமா, இல்ல ஏதாவது ஹோம்ல சேர்த்திடலாமா?"

சிங்கப்பூர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியூ) தாதியாக, இங்கத்துப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் கேட்டிருக்கிறேன், கைச்சைகையிலும் பார்த்திருக்கிறேன். நோயாளி மூன்று வாரமோ ஒரு மாதமோ வென்டிலேட்டரில், அதாவது செயற்கைச் சுவாசக் கருவியில், இருப்பார். கழுத்தில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி குழாய் வைத்தாகியிருக்கும். உடனடி ஆபத்து விலகிவிட்டது. ஆனால் கருவியைக் கழற்றினால் மூச்சு தாக்குப்பிடிக்கவில்லை. டாக்டர் "இனி அடுத்த கட்டத்தை யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். குடும்பம் என் முகத்தைப் பார்க்கும்.

நான் திருப்பிக் கேட்பேன்: "ராத்திரி மூணு மணிக்கு யாரு எழுந்திருப்பீங்க?"

சிலருக்குக் கோபம் வரும். மகன் மகளைப் பார்ப்பார், மகள் மருமகளைப் பார்ப்பார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அங்கே இல்லாத பணிப்பெண்ணின் பெயரைச் சொல்வார்கள். ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு கழித்து என் சித்தப்பாவுக்காக அதே நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். என் வாயிலும் முதலில் வந்தது பணிப்பெண்ணின் பெயர்தான்.

இடத்தை யோசிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த மெஷின் கொஞ்ச நாளுக்கா, கடைசி வரைக்குமா? தொடர்ந்து 21 நாளோ அதற்கு மேலோ, நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் கருவி தேவைப்பட்டால் அதை நீடித்த செயற்கைச் சுவாசம் என்று 2005ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. ஆனால் அந்த 21ஆம் நாளில் எல்லார் கதையும் ஒன்றாக இருப்பதில்லை. நிமோனியாவோ இதய அறுவை சிகிச்சையோ முடிந்து தசைகள் இளைத்துப்போனவருக்கு, கருவியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் வீனிங் பல வாரங்கள் கழித்தும் கைகூடலாம். தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துகொண்டே போகும் இயக்க நரம்பணு நோய் முற்றியவருக்கும், கழுத்தெலும்பின் மேல்பகுதியில் தண்டுவடம் அறுபட்டவருக்கும் அந்த நம்பிக்கை பெரும்பாலும் இல்லை.

இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். இரண்டுமே அமெரிக்காவில் நடந்தவை என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. 2007ல் வெளிவந்த ஒன்று, நீண்டகால வென்டிலேட்டர் நோயாளிகளுக்கென்றே உள்ள 23 மருத்துவமனைகளில் 1,419 பேரைப் பின்தொடர்ந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கருவியை விட்டு வந்தார்கள். நால்வரில் ஒருவர் இறந்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கருவியோடே அங்கிருந்து கிளம்பினார். 2010ல் வந்த மற்றொன்று 126 பேரை ஓராண்டு கவனித்தது. ஆண்டு முடிவில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 11 பேர். அந்த ஆய்வில் என் மனத்தில் தங்கிய எண் வேறு. மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியேறிய 103 பேரும் அந்த ஓராண்டில் மொத்தம் 457 முறை இடம் மாறியிருந்தார்கள். மருத்துவமனை, இல்லம், வீடு, மறுபடி மருத்துவமனை. "ஒரு தடவை நகர்த்திட்டா முடிஞ்சது" என்று நினைப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்வேன். எந்த இடத்தைத் தேர்ந்தாலும் அங்கிருந்து திரும்பி வரும் வழியையும் சேர்த்தே தேர்கிறீர்கள்.

ஐசியூவிலேயே விட்டுவிட முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆசை புரிகிறது, ஒரு தாதிக்கு ஒன்றிரண்டு நோயாளிதான், அலாரம் அடித்த நொடியில் ஆள் வரும். ஆனால் அங்கே ராத்திரி பகல் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பக்கத்துக் கட்டிலின் அலாரமும் உங்கள் அப்பாவின் காதில்தான் விழும். தூக்கம் கெட்டு, மனம் குழம்பி, "சுவர்ல யாரோ நிக்கிறாங்க" என்று சைகை காட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு மசியாத கிருமிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. இதற்கு மேல் அந்தக் கட்டில் இன்னொருவருக்குத் தேவை. ஆகவே அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். எப்போது என்பதில்தான் குடும்பம் வாயைத் திறக்கலாம். கருவியை விட்டு வர வாய்ப்பு இருக்கிறது என்று சுவாசப் பிரிவு டாக்டர் சொன்னால், அதே மருத்துவமனையின் உயர்கண்காணிப்பு வார்டிலோ சுவாசப் பிரிவு வார்டிலோ வைத்து வீனிங்கை முடிக்கப் பாருங்கள். முயற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனால் அதைத் தொடர ஆள் கிடைப்பது கடினம். இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரி.

சமூக மருத்துவமனைகளை நம்பி நாளை ஓட்ட வேண்டாம். அவை பெரும்பாலும் பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்குப் பிறகு உடலைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் இடங்கள்.

தாதிமை இல்லம் (நர்சிங் ஹோம்) என்றதும் நம்மவர்களில் பலர் ஈசூனிலுள்ள ஸ்ரீ நாராயண மிஷனைத்தான் முதலில் நினைப்பார்கள். தமிழ் பேச ஆள் இருக்கும், விளக்கேற்றுவார்கள் என்ற ஆறுதல். ஆனால் வென்டிலேட்டர் என்ற ஒரு சொல் பட்டியலைச் சுருக்கிவிடும். சிங்கப்பூரின் பெரும்பாலான தாதிமை இல்லங்கள் முழுநேரக் கருவியில் இருப்பவரை ஏற்கும் விதத்தில் அமைக்கப்படவில்லை. கட்டில் போடுவது எளிது. சளி அடைத்தால் சில நிமிடத்துக்குள் உறிஞ்சத் தெரிந்த ஒருவர் இருபத்துநான்கு மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு மூலம் விண்ணப்பிப்பார். எந்த இல்லம் ஏற்கும், எவ்வளவு காத்திருக்க வேண்டும், வருமானத்தைப் பொறுத்து மானியம் எவ்வளவு என்பதெல்லாம் அவரிடமிருந்துதான் வரும். ஆகவே முதல் வாரமே அவரைப் பாருங்கள்.

இல்லத்தைச் சுற்றிப் பார்க்கப் போனால் வரவேற்பறையின் பூச்செடியை விட்டுவிட்டு இரவுப்பணி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். சக்‌ஷன் செய்து சளியை உறிஞ்சத் தெரிந்தவர்கள் இரவில் எத்தனை பேர்? அலாரம் அறைக்கு வெளியே கேட்குமா? உதிரி வென்டிலேட்டர் உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் ஓடும்? கழுத்துக் குழாயை மாற்றுவது யார்? காய்ச்சல் வந்தால் அங்கேயே பார்ப்பார்களா, 995ஐ அழைத்து மருத்துவமனைக்கு ஏற்றிவிடுவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து மேலே சொன்ன 457இல் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஊகித்துவிடலாம். ஓர் அம்மா என்னிடம் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். வயிற்றுக் குழாய் வழியே போகப்போவது டின்னில் வரும் பால்மாவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "கேட்டுப் பாக்கறேன்மா" என்றேன்.

இனி வீடு.

சித்தப்பாவுக்கு 67 வயது, இயக்க நரம்பணு நோய். புத்தி தெளிவாக இருந்தது. கண்ணும் வலது கைக் கட்டைவிரலும் அசையும். "வீடு" என்று அவரே முடிவெடுத்தார். அவர் கேட்ட ஒரே காரணத்துக்காக ஒப்புக்கொண்டோம். உணர்வில்லாமல் கிடப்பவரை "அவர் வீட்டைத்தான் விரும்புவார்" என்று நாமே சொல்லிக்கொண்டு கொண்டுவருவதை இதோடு சேர்த்து எடைபோடக் கூடாது.

உட்லண்ட்சில் நாலறை வீவக வீடு, அரசு கட்டிய அடுக்குமாடி. முதலில் அளந்தது மின்தூக்கியை: ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையுமா, தலைமாட்டைத் தூக்கினால் போதுமா என்று. எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்காத பழைய புளோக்காக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கட்டில், வென்டிலேட்டர், மாற்று வென்டிலேட்டர், மின்சாரத்தில் ஓடும் சக்‌ஷன் மெஷின் ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று, ஈரப்பதம் தரும் கருவி, ஆக்சிஜன். எல்லாம் வந்தபின் படுக்கையறை ஒரு குட்டி வார்டாகிவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் ஆம்பு பேக் எப்போதும் தொங்க வேண்டும். கருவி நின்றால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை அது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார் சித்தி. இங்கே மின்வெட்டு அபூர்வம்தான். ஆனால் ஒரு பழைய ரைஸ் குக்கர் வீட்டின் மின்சாரத்தை டிரிப் செய்யப் போதும் என்பதை இரண்டாம் மாதம் கற்றோம்.

மருத்துவமனை எங்களுக்குப் பயிற்சி தந்தது. சரியாகச் சொன்னால் பணிப்பெண்ணுக்குத் தந்தது. சித்தி பக்கத்தில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் பையில் இருந்த உதிரிக் கழுத்துக் குழாயின் அளவும் தவறு. அவருக்குப் பொருந்தும் அளவில் ஒன்றும் அதைவிடச் சிறியது ஒன்றும் இருக்க வேண்டும். இருந்தவை இரண்டுமே பெரியவை. நான் தாதி என்பதால் கண்ணில் பட்டது. அந்த மருத்துவமனையைக் குறை சொல்லி ஆவதொன்றுமில்லை, வெள்ளிக்கிழமை சாயங்கால டிஸ்சார்ஜ் எங்கும் அப்படித்தான். ஆகவே வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வராதீர்கள். செவ்வாயோ புதனோ வாருங்கள், மறுநாள் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்கும்.

வீட்டு வென்டிலேட்டர் நோயாளிகளுக்கென்றே டான் டோக் செங் மருத்துவமனையில் ஒரு சேவை இருக்கிறது. தாதியும் சுவாச சிகிச்சையாளரும் வீட்டுக்கே வந்து கருவியைச் சரிபார்ப்பார்கள். உங்கள் மருத்துவமனை வேறாக இருந்தாலும் அங்கே பரிந்துரைக்க முடியுமா, தங்களுக்கே அப்படி ஒரு குழு உண்டா என்று சுவாசப் பிரிவில் கேளுங்கள். அப்படி ஒரு குழுவின் தொலைபேசி எண் இல்லாமல் வீட்டைத் தேர்ந்தெடுக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் குழு பகலில் வருவது. இரவு உங்களுடையது. சளி எப்போது சேரும் என்று அட்டவணை கிடையாது. சில இரவு இரண்டு தடவை, சில இரவு ஒன்பது. காற்றழுத்தம் கூடி அலாரம் அடித்தால் சளியோ மடங்கிய குழாயோ, குறைந்து அடித்தால் எங்கோ இணைப்பு கழன்றிருக்கிறது. இது மூளைக்கு ஏறும் முன்னே கை வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். மியன்மாரிலிருந்து வந்த எங்கள் பணிப்பெண் கெட்டிக்காரி. ஆனாலும் பகல் முழுக்க உழைத்தவளை இரவிலும் எழுப்பினால் மூன்றாம் வாரம் அவளுக்கு அலாரம் கேட்காது. அது சோம்பேறித்தனமில்லை, உடம்பு. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது அவளுக்குக் கட்டாய ஓய்வு. அதைப் பணமாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அந்த நாளுக்கு உங்களில் ஒருவர் முழுப் பயிற்சியோடு இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் மூன்று பேருக்குக் குறைந்தால் வீடு ஓடாது: பணிப்பெண், சித்தி, வாரத்தில் மூன்று இரவு தம்பி. நான் உபரி.

பணக் கணக்கு விநோதமானது. மருத்துவமனையில் இருக்கும்வரை மானியம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் சேமிப்பு என்று முட்டுக்கொடுக்க ஆளுண்டு. வீட்டுக்கு வந்ததும் மொத்தச் செலவு குறையும், ஆனால் கையிலிருந்து போகும் காசு கூடும். சளி உறிஞ்சும் கதீட்டர் குழாய், பால்மாவு, டயப்பர், மின்கட்டணம், பணிப்பெண் சம்பளம் எல்லாம் உங்கள் பையிலிருந்து. கைகொடுப்பவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை, நடமாட்டம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்ற ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாதவருக்குக் கேர்ஷீல்டு லைஃப் என்ற காப்புறுதி மாதந்தோறும் தரும். 2020ல் 600 வெள்ளியில் தொடங்கியது 2025ல் 662 ஆனது. சித்தப்பாவைப்போலப் பழைய எல்டர்ஷீல்டில் இருப்பவர்களுக்கு 300 அல்லது 400 வெள்ளிதான், அதுவும் ஐந்தோ ஆறோ ஆண்டுகளுக்கு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் வீட்டுப் பராமரிப்பு மானியம் மாதம் 400 வெள்ளி வரை இருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை. பணிப்பெண்ணுக்காக அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை 300க்குப் பதில் 60 வெள்ளி. 60 வயதுக்கு மேற்பட்டவரென்றால் கட்டில், டயப்பர் போன்றவற்றுக்கு மூத்தோருக்கான நடமாட்ட, உதவி நிதியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் பணிப்பெண் சம்பளத்தோடு பாதித் தேவைகூட அடங்கவில்லை, எங்களுக்கு.

பின் ஏன் வீடு? ஒரு பலகைக்காக என்பேன். மருத்துவமனையில் தந்த எழுத்துப் பலகை ஆங்கிலத்தில். துறைமுகத்தில் நாற்பது வருஷம் உழைத்த சித்தப்பாவுக்கு ஆங்கிலம் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கில்லை. தமிழில் செய்யலாமென்றால் 247 எழுத்து. தம்பி உட்கார்ந்து யோசித்து மேல்வரிசையில் உயிர் 12, கீழே மெய் 18 என்று வரைந்தான். மெய்யைக் காட்டி உயிரைக் காட்டினால் உயிர்மெய். சித்தப்பா கண்சிமிட்ட வேண்டியதுதான். முதல் நாள் அவர் சொன்ன முதல் சொல்லுக்கு இருபது நிமிடம் பிடித்தது: "காப்பி". குடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். சித்தி போட்டுக் கொண்டுவந்து மூக்கருகே பிடித்தார். பதினான்கு மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு அந்தக் காப்பி ஆறிப்போனது. இந்த ஏற்பாட்டுக்கு எந்த இல்லத்திலும் அட்டவணை இருக்காது.

அதே பதினான்கு மாதத்தில் சித்தி பதினொரு கிலோ இளைத்தார். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"ஊருக்கே அனுப்பிடலாமே, அங்க ஆள் மலிவு" என்று யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். சென்னைக்கு நான்கு மணி நேர விமானப் பயணம் இது போன்ற நோயாளிக்கு மருத்துவக் குழுவோடுதான் முடியும். அதற்கான செலவில் இங்கே பல மாதம் ஓடும். மானியமும் மெடிஷீல்டும் இங்கேயே நின்றுவிடும். அங்கே உங்களுக்காக உயிரைக் கொடுக்கும் தங்கை ஒருத்தி இருந்தால் யோசியுங்கள். மலிவு என்பதற்காக மட்டும் வேண்டாம்.

இன்னொரு வழியைக் குடும்பக் கூட்டத்தில் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். டாக்டர் சொன்னால் "கைவிட்டுட்டாங்க" என்று தோன்றும், பிள்ளை சொன்னால் "பாவி" என்று தோன்றும். கருவியை நிறுத்தி, மூச்சுத்திணறல் தெரியாதபடி மருந்து கொடுத்து, இயல்பாகப் போக விடுவதைச் சொல்கிறேன். பயன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் அதைத் தொடங்காமலே இருப்பதும் மருத்துவ அறத்தில் ஒன்றுதான். சட்டம் தடுக்கும் கருணைக்கொலை வேறு. இங்கே 1996ல் வந்த முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டத்தின்கீழ் ஒருவர் தன் விருப்பத்தை முன்பே எழுதிப் பதிந்திருக்கலாம், ஆனால் அது குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் பொருந்தும். தன்னால் முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை அப்பாவோ அம்மாவோ எழுதியிருப்பதால் தானே முடிவெடுக்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க அந்தப் பத்திரம் அதிகாரம் தராது. நோயாளியால் சொல்ல முடியாதபோது அவருக்கு எது நல்லதோ அதை டாக்டர் தீர்மானிப்பார், குடும்பத்தைக் கேட்டுத்தான். அப்போது "நாங்க என்ன நினைக்கிறோம்" என்பதைச் சொல்லாமல் "அப்பா நல்லா இருந்தப்ப என்ன சொல்லிட்டிருந்தார்" என்பதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் குழாயோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன ஒரு வாக்கியம் உங்கள் எல்லாருடைய கருத்தையும்விடக் கனமானது.

ஆக, என் கைவசம் உள்ள தராசு இப்படி. உணர்வு தெளிவாக இருக்கிறது, அவரே கேட்கிறார், இரவுக்கு மூன்று பேர், அழைக்க ஒரு குழு இருக்கிறது என்றால் வீடு. உணர்வு இருக்கிறது, ஆனால் வீட்டில் எழுபது வயது மனைவி மட்டும் என்றால் காத்திருந்தாவது இல்லம். பாசத்தைக் காட்டத் தூக்கத்தைப் பலி கொடுக்கச் சொல்லாதீர்கள். உணர்வு திரும்பாது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியாயிற்று என்றால் இடத்தைத் தேடும் முன் மேலே சொன்ன பேச்சைப் பேசி முடியுங்கள். எதைத் தேர்ந்தாலும் "மூன்று மாதம் பார்ப்போம், பிறகு மறுபடி உட்காருவோம்" என்று தேதி குறித்துத் தொடங்குங்கள். சித்தப்பா அந்தத் தேதியை நாள்காட்டியில் எழுதி ஒட்டச் சொன்னார். நான்கு முறை உட்கார்ந்தோம். மூன்று முறை "இருக்கேன்" என்று காட்டினார்.

டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு இரவு வார்டிலேயே குடும்பம் மட்டும் எல்லாவற்றையும் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். தாதி கதவுக்கு வெளியே நிற்பார், உள்ளே வரமாட்டார். நாங்கள் கேட்டுப் பெற்றோம். முதல் இரவு சித்தி கையை நடுக்கிக்கொண்டே சமாளித்தார். இரண்டாம் இரவு மூன்றே காலுக்கு அலாரம் அடித்தது. தம்பி சாய்வு நாற்காலியில் குறட்டை, பணிப்பெண்ணும் அசையவில்லை. சித்தி எழுந்து கை கழுவி, கையுறை மாட்டி, கதீட்டரை உள்ளே விட்டு சளியை இழுத்து, குழாயை மறுபடி இணைத்து, மெஷினின் எண்ணைப் பார்த்து, அலாரத்தை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ ஏன் இன்னும் தூங்கல?" என்றார்.